ஏட்டிலிருந்து எழுத்தைப் பிரிக்க எந்த வழி: சவோலாவா, யு-நெட்டா, நேரடி வாசிப்பா?

ஓலைச்சுவடிப் படங்களை வைத்து ஆய்வு செய்ய வருகிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எழுத்தை ஏட்டிலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதுதான். ஒவ்வொரு பிக்சலும் எழுத்தா, வெறும் ஏடா என்று தீர்மானித்து, எழுத்தைக் கறுப்பாகவும் மற்றதை வெள்ளையாகவும் ஆக்குகிற வேலை இது. பைனரைசேஷன் என்பார்கள். நல்ல வெள்ளைத் தாளில் அச்சிட்ட பக்கம் என்றால் இதில் பெரிய சிக்கல் இல்லை. ஏடு அப்படி இல்லை. ஓலை பழுத்துப் பழுப்பேறியிருக்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு நிறமாக. நீளவாக்கில் நரம்பு ஓடும். இராமபாணப் பூச்சி போட்ட துளைகள் இருக்கும். எழுத்தாணியால் கீறி மைக்காப்பு தடவிய எழுத்துகளில் சில இடங்களில் மை உதிர்ந்து கீறல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இன்று கையில் உள்ள வழிகள் மூன்று. ஒன்று, சூத்திரத்தை வைத்துப் பிரிப்பது. ஓட்சு, நிப்லாக், சவோலா எல்லாம் இந்த வகை. இரண்டாவது, யு-நெட் போன்ற ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கிப் பிரிக்க வைப்பது. மூன்றாவது, பிரிக்கிற வேலையே இல்லாமல் வரியின் படத்தை அப்படியே கொடுத்து எழுத்துகளை வாசிக்க வைப்பது. ஆள் பலமும் பணமும் குறைவாக இருக்கும் ஓர் ஆய்வகம், இருக்கிற மனித உழைப்பை மூன்றாவது வழிக்கு வேண்டிய பெயர்த்தெழுதும் வேலையில்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. சவோலாவை உடன் வைத்துக்கொள்ளலாம். யு-நெட்டுக்காகப் பிக்சல் பிக்சலாக எழுத்தை வரைந்து கொடுப்பதில் நாளைச் செலவிட வேண்டாம். இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் படம்

வழி எதுவானாலும் படம் ஒழுங்காக இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் அகலமுள்ள கீறல் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 3 பிக்சல்தான் வரும். 600 டிபிஐயில் 6 பிக்சல். 3 பிக்சல் கோட்டில் ஓரத்தில் ஒரு பிக்சல் போனாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால் 600க்குக் கீழே இறங்க வேண்டாம். ஜேபெக்காகச் சுருக்கிய படம் கொடுத்தால் வாங்காதீர்கள், டிஃப் கோப்பாகக் கேளுங்கள். ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் படத்தைச் சுருக்குகிறது. கீறலின் ஓரம் மங்குவது அந்தக் கட்டங்களுக்குள்தான்.

மை உதிர்ந்த ஏட்டுக்கு டிபிஐயை விட ஒளி முக்கியம். நேர் மேலிருந்து சீராக விழும் ஒளியில் மையில்லாத கீறல் கண்ணுக்கே தெரியாது. படத்தில் இல்லாததை எந்த அல்காரிதமும் கொண்டுவராது. விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் கீறலின் ஒரு கரை நிழல் போடும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் பள்ளம் நிழல் போடாது. ஏட்டின் குறுகிய முனையில் விளக்கை வைத்தால் ஒளி நரம்போடு இணையாகப் போகும். நரம்புகள் மறையும், மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள் எழும்பித் தெரியும். ஆனால் ட, ப, ம ஆகியவற்றின் அடிக்கோடு நரம்போடு சேர்ந்து மறைந்துவிடும். அதற்கு நீளப் பக்கத்திலிருந்து இன்னொரு படம் வேண்டும். இரண்டு படமும் எடுத்துவிடுங்கள். எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் 2001இல் வெளியிட்ட முறை இதையே இன்னும் தூரம் கொண்டுபோகிறது: கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசைகளில் வைத்துப் படமெடுத்து, பிறகு கணினியில் ஒளியின் திசையை வேண்டியபடி மாற்றிப் பார்க்கலாம். ஒரு சுவடிக் கட்டில் உள்ள மிகவும் மோசமான ஏடுகளுக்கு மட்டும் அதைச் செய்தால் போதும்.

ஏட்டுக்குப் புதிதாக மைக்காப்பு போடச் சொல்லிப் பட ஆய்வாளர் வற்புறுத்தக் கூடாது. அது சுவடிக் காப்பாளர் எடுக்க வேண்டிய முடிவு.

சூத்திரத்தின் வழி

ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்ட முறை இன்றும் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. படம் முழுவதற்கும் ஒரே ஒரு த்ரெஷோல்ட். அதற்குக் கீழே இருப்பது எழுத்து, மேலே இருப்பது தாள். கறுப்புக் கூட்டமும் வெளுப்புக் கூட்டமும் தெளிவாகப் பிரிந்திருக்கும் படத்தில் அருமையாக வேலை செய்யும். ஏட்டின் ஒரு முனை கருகி மறுமுனை வெளுத்திருந்தால், கருகிய முனை முழுவதும் எழுத்தாகிவிடும். ஏட்டுக்கு இதைப் பரிசீலிக்கவே வேண்டியதில்லை.

அடுத்து வந்தவை அந்தந்த இடத்துக்கு ஏற்ப த்ரெஷோல்டை மாற்றுகிறவை. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஒரு சதுர விண்டோ எடுத்து, அதற்குள் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கணக்கிடுவார்கள். நிப்லாக் 1986இல் சொன்னது: சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தின் 0.2 மடங்கைக் கழித்துக்கொள். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவோலாவும் பியெட்டிகைனனும் 2000இல் அதைத் திருத்தினார்கள். விண்டோவுக்குள் மாறுபாடு குறைவாக இருந்தால் த்ரெஷோல்ட் நன்றாகக் கீழே இறங்கிவிடும்படி செய்தார்கள். வெற்றிடத்தில் எழுத்து இருப்பதாகத் தவறாக எண்ணாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இதை எண்களோடு பார்த்தால்தான் ஏட்டில் என்ன நடக்கிறது என்று புரியும். மை மங்கிய ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில் ஏட்டின் நிறம் 145, எழுத்தின் நிறம் 120; விண்டோவில் ஐந்தில் ஒரு பங்கு எழுத்து. சராசரி 140, திட்டவிலக்கம் 10. த்ரெஷோல்ட் எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணைச் சவோலாவின் சூத்திரத்தில் கே என்பார்கள். சைகிட்-இமேஜ் நிரலகத்தில் அது இயல்பாக 0.2 என்று இருக்கிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் த்ரெஷோல்ட் சுமார் 114. எழுத்து 120. அதாவது அந்த எழுத்து முழுவதும் தாளாகிவிட்டது, போயே போச்சு. கேயை 0.05 ஆக்கினால் த்ரெஷோல்ட் சுமார் 133.5. எழுத்து தப்பிக்கிறது, ஏடு வெள்ளையாகவே இருக்கிறது. அதே இடத்தில் நிப்லாக் 138 கொடுக்கும், அதுவும் எழுத்தைக் காப்பாற்றும். ஆனால் எழுத்தே இல்லாத பக்கத்து இடத்துக்குப் போங்கள். சராசரி 145, திட்டவிலக்கம் 3. நிப்லாக்கின் த்ரெஷோல்ட் 144.4, பிக்சல்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கறுத்துவிடும். கே 0.05 வைத்த சவோலா அங்கே சுமார் 138 கொடுத்து இடத்தைச் சுத்தமாக விடும்.

ஆக, சவோலா ஏட்டுக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களில் பலர் இயல்பு மதிப்பை மாற்றாமல் ஓட்டிப் பார்த்தவர்கள். மாற்ற வேண்டியவை இரண்டே. கே மதிப்பு 0.05இலிருந்து 0.1க்குள். விண்டோ ஓர் எழுத்தின் உயரத்தை ஒட்டி. 600 டிபிஐயில் 4 மில்லிமீட்டர் எழுத்து 94 பிக்சல் வரும், அங்கே இயல்பாக உள்ள 15 பிக்சல் விண்டோ ஒரு சுழியைக்கூட முழுதாகப் பார்க்காது. விண்டோவைப் பெரிதாக்கினால் நேரம் அதிகமாகுமே என்ற கவலையும் வேண்டாம். கூட்டுத்தொகைகளை முன்கூட்டியே அட்டவணையாக்கி வைக்கும் இன்டெக்ரல் இமேஜ் முறையில் விண்டோ எவ்வளவு பெரிதானாலும் அதே நேரம்தான் ஆகும். சாதாரண லேப்டாப் போதும்.

சவோலாவின் குறையும் தெரிந்ததுதான். கேயைக் குறைக்கக் குறைக்க நரம்புகள் எழுத்தாக எழும்பும். அவற்றை நீக்க, கிடைமட்டமாக நீண்ட மெல்லிய கோடுகளையெல்லாம் அழித்துவிடலாம் என்று தோன்றும். செய்தால் ட வெறும் குச்சியாகிவிடும். அதேபோல் சிறு புள்ளிகளைத் தூசி என்று துடைக்கும் வடிகட்டியை, புள்ளி இட்டு எழுதிய பிற்காலச் சுவடியில் ஓட்டினால் மெய்யெழுத்தெல்லாம் அகரமேறிய உயிர்மெய்யாகிவிடும். அழுக்கை அப்படியே விட்டுவிடுங்கள். அழுக்கும் எழுத்தும் கலந்திருந்தாலும் சுவடி படித்துப் பழகியவர் பிரித்துப் படித்துக்கொள்வார். அழிந்த எழுத்தை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

யு-நெட்டின் வழி

2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ரோன்னபெர்கர், ஃபிஷர், ப்ராக்ஸ் மூவரும் நுண்ணோக்கிப் படங்களுக்காக உருவாக்கியது யு-நெட். 512க்கு 512 அளவுள்ள 30 படங்களை மட்டும் வைத்து, அவற்றை நெளித்தும் வளைத்தும் பெருக்கிப் பழக்கினார்கள். குறைந்த தரவில் பழகும் என்ற பெயர் அப்படி வந்தது. பழைய ஆவணங்களைப் பைனரைஸ் செய்வதற்கென்று 2009இல் தொடங்கிய டிப்கோ போட்டியில் 2017இல் முதலிடம் பெற்றதும் யு-நெட் அடிப்படையிலான முறைதான். நன்றாகப் பழகிய யு-நெட் நரம்பையும் கீறலையும் சவோலாவை விட நன்றாகவே பிரிக்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் பழக்குவதில். 40 சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் ஏடு 600 டிபிஐயில் சுமார் 9,450 பிக்சல் நீளம், 830 பிக்சல் உயரம். ஏறத்தாழ 78 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றும் எழுத்தா இல்லையா என்று ஒரு மனிதர் ஜிம்ப் போன்ற பட மென்பொருளில் உட்கார்ந்து வரைந்து கொடுக்க வேண்டும். சவோலாவின் வெளியீட்டைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் வேலை குறையும். ஆனால் அப்போது சவோலா விட்டுவிட்ட மங்கல் எழுத்துகளைத் திருத்துகிறவரும் கவனிக்காமல் விடுவார், யு-நெட்டும் அதையே கற்றுக்கொள்ளும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. அந்த ஒரு ஏட்டை 512 பிக்சல் துண்டுகளாக நறுக்கினால் 38 துண்டுகள் வரும். பத்து ஏட்டை நறுக்கி 380 படங்கள் என்று எழுதி, அதைக் குலுக்கிப் பழக்கவும் சோதிக்கவும் பிரித்துக்கொண்டால் மதிப்பெண் பிரமாதமாக வரும். பழக்கிய ஏட்டையே சோதித்திருக்கிறோம்: அதே ஓலை, அதே கை, அதே மை. வேறு கட்டைக் கொடுத்தவுடன் அந்த மதிப்பெண் நிற்காது. பிரித்தால் கட்டு வாரியாகப் பிரிக்க வேண்டும். துண்டு வாரியாகப் பிரித்த கட்டுரைகளின் எண்களை நம்பி உங்கள் முடிவை எடுக்காதீர்கள்.

மதிப்பெண்ணையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். எஃப்-மெஷர் என்பது இங்கே பொதுவான அளவுகோல். எழுத்து என்று குறித்த பிக்சல்களில் எவ்வளவு சரி, உண்மையான எழுத்துப் பிக்சல்களில் எவ்வளவு பிடிபட்டது என்ற இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது அது. ஒருவர் கீறலை 6 பிக்சல் அகலத்துக்கு வரைகிறார், இன்னொருவர் அதே கீறலை 4 பிக்சலுக்கு வரைகிறார் என்று வையுங்கள். எழுத்து எது என்பதில் இருவருக்கும் கொஞ்சமும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் ஒருவரை வைத்து மற்றவரை அளந்தால் எஃப்-மெஷர் 80 சதவீதம்தான். மறுபுறம், ஒரு வரியில் ஒரே ஒரு மூன்று சுழி ண, ஒரு சுழியை இழந்து இரண்டு சுழி ன ஆகிவிட்டால் போகிறது சில நூறு பிக்சல். மதிப்பெண் அசையவே அசையாது, பாடம் மாறிவிட்டது. நமக்கு எது பெரிய இழப்போ அதை இந்த அளவுகோல் கண்டுகொள்வதில்லை. யு-நெட் 2 சதவீதம் கூடுதல் என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்த 2 சதவீதம் கோட்டின் ஓரத்தில் வந்ததா, சுழியில் வந்ததா என்று படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்குப் பெரிய தயக்கம் தருவது இன்னொன்று. பழகிய நெட்வொர்க் ஊகிக்கும். இதுவரை பார்த்த எழுத்துகளின் வடிவத்தை வைத்து, உதிர்ந்த இடத்தில் ஒரு கோட்டை நிரப்பக்கூடும். புதிதாகப் படத்தையே உருவாக்கித் தரும் கேன் வகை நெட்வொர்க்குகளை வைத்துச் செய்யும் மீட்டெடுப்பு முறைகள் இதை இன்னும் தாராளமாகச் செய்யும். படம் அழகாக இருக்கும். ஆனால் அது ஏடு அல்லவே. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மாதிரிச் சுவடிகளில் சரக்கின் அளவு கால், அரை, மாகாணி என்று சின்னஞ்சிறு குறியீடுகளாக வரும். அங்கே ஒரு கோட்டை நெட்வொர்க் சேர்த்துவிட்டு, பார்க்கிறவர் அதை ஏட்டின் படம் என்று நம்பினால் விளைவு மோசமாக இருக்கும். சவோலா எழுத்தை விடலாம், அழுக்கைச் சேர்க்கலாம். இல்லாத எழுத்தை உருவாக்கத் தெரியாது.

பிரிக்காமல் வாசிப்பது

சரி, பைனரைசேஷன் எதற்காகத் தேவைப்பட்டது? பழைய எழுத்துணரிகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டியிருந்தது. அலெக்ஸ் கிரேவ்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் சிடிசி என்ற முறையை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. ஒரு வரியின் படமும் அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்ற உரையும் இருந்தால் போதும். எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டியதில்லை, நெட்வொர்க்கே பொருத்திக்கொள்ளும். டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் 2018இல் வந்த 4ஆம் பதிப்பில் வரி முழுவதையும் வாசிக்கும் முறைக்கு மாறியது. வரலாற்று ஆவணங்களுக்கென்றே எழுதப்பட்ட கிராக்கன் என்ற எழுத்துணரி நிறப் படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். கட்டற்ற மென்பொருள், ஏட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். டெசராக்டின் தமிழ் மாதிரி அச்சு எழுத்துக்குப் பழகியது, ஏட்டில் எதிர்பார்க்க வேண்டாம்.

உழைப்பின் கணக்கு இங்கேதான் மாறுகிறது. பக்கத்துக்கு 6 வரி உள்ள 50 ஏடுகளில் இரு பக்கமும் சேர்த்து 600 வரிகள். சுவடி படிக்கத் தெரிந்தவர் அவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தால் பழக்கத் தொடங்கிவிடலாம். அதே 50 ஏடுகளைப் பிக்சல் பிக்சலாக வரைவதை நினைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், பெயர்த்தெழுதிய உரை எந்த முறை வந்தாலும் போனாலும் பயன்படும். இன்றைய நெட்வொர்க் பழசாகி அடுத்தது வந்தால் அதற்கும் அதே உரை. பதிப்பாசிரியருக்கு அது தனியாகவே பயன்படும். தேடலாம், பாடபேதம் பார்க்கலாம். பிக்சல் பிக்சலாக வரைந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பைனரைசேஷன் ஆய்வாளர் தவிர வேறு யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

இதுவும் ஊகிக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரியை வாசிக்கும் நெட்வொர்க் யு-நெட்டை விட அதிகமாகவே ஊகிக்கும், சூழலைப் பார்த்துத்தான் வாசிக்கிறது. ஆனால் அதன் வெளியீடு உரை. பக்கத்திலேயே ஏட்டின் அசல் படம் இருக்கும். இது ஒருவரின் வாசிப்பு, சரிபார்க்க வேண்டியது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். ஊகம் படத்துக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்வதில்தான் ஆபத்து.

இந்த வழியில் கடினமான வேலை இரண்டு. ஒன்று வரிகளைக் கண்டுபிடிப்பது. ஏட்டில் வரிகள் நெருக்கமாக ஓடும், கயிறு கோக்கும் துளையைச் சுற்றி வளைந்து போகும், மேல்வரியின் கால் கீழ்வரியின் கொம்பைத் தொடும். கிராக்கன் வரிகளுக்குப் போடும் அடிக்கோடுகளை, அதனோடு இயங்கும் இ-ஸ்கிரிப்டோரியம் என்ற மென்பொருளின் திரையில் ஒவ்வொரு ஏடாகத் திருத்தத்தான் வேண்டும். ஏட்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மற்றது பெயர்த்தெழுதும் விதி. இதில் அவசரப்பட்டால் பிறகு முழுவதையும் திரும்பச் செய்ய நேரும். பழைய ஏட்டில் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. சுவடிப் புலவரிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், அவர் பழக்கப்படி புள்ளி வைத்து, சீர் பிரித்து, திருத்தமாக எழுதித் தருவார். அதை வைத்துப் பழக்கினால் நெட்வொர்க் படத்தில் இல்லாத புள்ளியை வைக்கக் கற்றுக்கொள்ளும். இரண்டு அடுக்காக வாங்குங்கள்: ஏட்டில் உள்ளபடி ஒரு கோப்பு, திருத்திய பாடம் ஒரு கோப்பு, வரி எண் இரண்டிலும் ஒன்றாக. பழக்குவது முதல் கோப்பை வைத்து. காலையும் ரகரத்தையும் முதல் அடுக்கில் எப்படி எழுதுவது, கிரந்த எழுத்து இடையில் வந்தால் என்ன செய்வது, செல்லரித்த இடத்துக்கு என்ன குறி என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கொடுத்துவிட வேண்டும். கிரந்தம் சின்ன விஷயமில்லை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த புதுச்சேரியின் சைவச் சுவடிகள் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் இருப்பவை.

யாருக்கு எது

நூலகத்தில் உள்ள ஏடுகளைத் திரையில் பெரிதாக்கிப் படிக்கவோ அச்சிடவோ தெளிவான படம் வேண்டும், அவ்வளவுதான் என்றால் சவோலா போதும். அசல் படத்தையும் கூடவே கொடுத்துவிடுங்கள். வேறெதுவும் வாங்கவோ பழக்கவோ வேண்டாம்.

ஒரு செமஸ்டரில் முடிக்க வேண்டிய எம்.டெக். புராஜெக்ட் என்றால் யு-நெட் எடுக்கலாம், ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே தரவு இருக்கிறது. பாலித்தீவின் லோந்தார் ஏடுகளைப் பிக்சல் அளவில் குறித்து 2016இல் நடந்த போட்டிக்காக வெளியிட்டார்கள். 2018இல் கெமர், சுண்டா ஏடுகளும் அதே மாதிரியான போட்டியில் சேர்ந்தன. எழுத்து வேறானாலும் ஓலை ஓலைதான். நரம்பும் பழுப்பும் கீறலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அவற்றில் பழக்கிவிட்டு, தமிழ் ஏடு நாலைந்தை மட்டும் குறித்து மேலும் பழக்கினால் ஒரு செமஸ்டருக்குள் உருப்படியான வேலை ஒன்று முடியும்.

மூன்று நான்கு ஆண்டுகள் கையில் இருக்கிற பிஎச்.டி. மாணவரும், நிதி வாங்கித் திட்டம் நடத்துகிறவரும் மூன்றாவது வழியில் போக வேண்டும். திட்ட வரைவில் நெட்வொர்க்கைப் பழக்கும் ஜிபியு கணினிக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்து, பெயர்த்தெழுதுகிறவர்களின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, இந்த வேலையில் அவர்கள் நேரம்தான் விலை உயர்ந்தது. அவர்கள் பெயரை நன்றியுரையில் ஒரு வரியாகப் போட்டு முடித்துவிடாமல், தரவுத் தொகுப்பின் ஆசிரியர்களாகவே சேர்க்க வேண்டும். அந்த 600 வரிகள் அவர்களுடைய புலமை. அப்புறம், தொடங்கும் நாளிலேயே வேறு ஊரிலிருந்து வந்த, வேறு கை எழுதிய ஒரு கட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பழக்கவோ மதிப்புகளைச் சரிசெய்யவோ அதைத் தொடக் கூடாது. கட்டுரையில் போடும் எழுத்துப் பிழை விகிதம் அந்தக் கட்டிலிருந்து வர வேண்டும். கூடவே ண, ன, ர, கால் ஆகியவற்றின் பிழையைத் தனித்தனியாகக் காட்டுங்கள்.